அரிப்புக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த க்ரீமை எத்தனை நாள் போடலாம்? மீதியை வீட்டில் மற்றவர்கள் போட்டுக்கொள்ளலாமா?

முதலில் டியூபைத் திருப்பி மருந்தின் பெயரைப் பாருங்கள். க்ளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டாசோன், ஹைட்ரோகார்ட்டிசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு, அதாவது தோலின் சிவப்பையும் அரிப்பையும் அடக்கும் மருந்து. இதில் ஹைட்ரோகார்ட்டிசோன் மென்மையானது, க்ளோபெட்டாசால் மிக வீரியமானது. க்ளோபெட்டாசாலைத் தொடர்ந்து 2 வாரத்துக்கு மேல் போடக்கூடாது, வாரத்துக்கு 50 கிராமையும் தாண்டக்கூடாது. உங்கள் டாக்டர் அதைவிடக் குறைத்துச் சொல்லியிருந்தால் அவர் சொன்னதுதான் கணக்கு.

எனக்குக் கணுக்காலில் எக்ஸிமா, அதாவது தோல் வறண்டு சிவந்து அரிக்கும் நோய், உண்டு. தோல் டாக்டர் எனக்குக் காட்டிய அளவு இது: ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடாகப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அகல இடத்துக்கு அது போதும். மேலே துணி கட்டி மூடினால் மருந்து அதிகமாக உள்ளே இறங்கும், அதனால் டாக்டர் சொல்லாமல் கட்ட வேண்டாம். குழந்தைக்கு டயபர் போடும் இடத்திலும் இதே ஆபத்துதான்.

மீதியை மற்றவர்களுக்குக் கொடுக்காதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். நம் ஊர் வெயிலிலும் வியர்வையிலும் இடுப்பிலோ தொடை இடுக்கிலோ வட்டமாக அரித்தால், பெரும்பாலும் அது படர்தாமரை. பூஞ்சையால் வருவது. அதன்மேல் ஸ்டீராய்டு போட்டால் சீக்கிரமே அரிப்பு அடங்கி, சிவப்பும் மங்கும். சரியாகிவிட்டது என்றே தோன்றும். ஆனால் அடங்கியது தோலின் எதிர்ப்புதான், பூஞ்சை பாட்டுக்குப் பரவிக்கொண்டிருக்கும். நிறுத்தியதும் முன்பைவிடப் பெரிதாகக் கிளம்பும். வட்டமும் கலைந்துபோவதால் டாக்டருக்கே அடையாளம் தெரிவது கஷ்டம். மெடிக்கல் ஷாப்பில் "அரிப்புக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டு வாங்கும் டியூபில் பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கலாம். 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு க்ரீம்களை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று கொண்டுவந்ததே இந்தத் தொல்லையால்தான்.

முகத்துக்கு, அதுவும் நிறம் வெளுக்க என்று, யார் சொன்னாலும் போடாதீர்கள். தோல் மெலிந்து, பரு கிளம்பி, ரத்தக் குழாய் தெரியத் தொடங்கும். இமையில் தொடர்ந்து போட்டால் கண் அழுத்தம் கூடலாம்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டு வருகிறீர்களா? அப்படியென்றால் நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். எப்படிக் குறைப்பது என்று தோல் டாக்டரிடம் கேளுங்கள். போகும்போது இதுவரை போட்ட டியூப் எல்லாவற்றையும், காலியானதையும் சேர்த்து, கையோடு எடுத்துப் போங்கள். வீட்டில் பல பேருக்கு ராத்திரியில் அரிக்கிறது என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். அது சிரங்காக இருந்தால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மருந்து போட வேண்டியிருக்கும்.