திஸ், தட், தீஸ், தோஸ்: உங்கள் சந்தேகங்களும் பதில்களும்

கேள்வி: சார், 'தீஸ் இஸ் மை புக்ஸ்' என்று எழுதினேன். தப்பு என்று சுழித்துவிட்டார்கள். ஏன்?

பதில்: பேச்சில் நாம் 'இதெல்லாம் என் புக்ஸ்' என்று 'இது'வை வைத்தே சமாளித்துவிடுகிறோம். இவை, அவை எல்லாம் எழுத்தோடு சரி. ஆங்கிலத்தில் அந்தச் சலுகை கிடையாது. பன்மை என்றால் சுட்டும் மாறும், வினையும் மாறும்: 'தீஸ் ஆர் மை புக்ஸ்'. பெட்டி நாலு இருந்தாலும் லக்கேஜ் ஒருமைதான், 'திஸ் இஸ் மை லக்கேஜ்'. மூக்குக்கண்ணாடி ஒன்றே ஒன்று என்றாலும் 'தீஸ் ஆர் மை கிளாசஸ்'.

கேள்வி: திஸ், தீஸ் இரண்டும் என் வாயில் ஒன்றாகவே வருகிறது.

பதில்: நெடிலாக இழுத்தால் மட்டும் போதாது. தொண்டையில் விரல் வைத்துப் பாருங்கள். 'தீஸ்' முடியும்போது வண்டு ரீங்கரிப்பதுபோல் அதிர வேண்டும், 'திஸ்' முடியும்போது வெறும் காற்றுதான்.

கேள்வி: அண்ணா, 'திஸ் இஸ் மை மதர்' என்றால் அம்மாவுக்கு மரியாதைக் குறைவு இல்லையா?

பதில்: இல்லை தம்பி, அறிமுகத்துக்கு அதுதான் முறை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தோடு விட்டுவிடுங்கள். அடுத்தது 'ஷீ' என்று தொடர வேண்டும். 'திஸ் கேம் ஃப்ரம் சேலம்' என்றால் அம்மா பார்சலில் வந்ததாக ஆகிவிடும்! போனில் நம்மைச் சொல்லவும் திஸ்தான். எதிர்முனையில் யார் என்று கேட்க பிரிட்டன்காரர் பெரும்பாலும் 'இஸ் தட் ராஜா?' என்பார், அமெரிக்கர் 'இஸ் திஸ் ராஜா?' என்பார்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில நாங்கள் 'உது' எண்டும் சொல்லுவம். அதுக்கு இங்கிலீஷ் என்ன?

பதில்: நல்ல கேள்வி. அ, இ, உ மூன்றுமே சுட்டு என்கிறது தொல்காப்பியம். எங்கள் பக்கம் உகரம் பேச்சிலிருந்து போய்விட்டது, நீங்கள் காப்பாற்றி வைத்திருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் இன்றைக்கு இரண்டுதான். நீங்கள் 'உது' என்று சொல்லும், கேட்பவர் கையில் இருக்கும் பொருளுக்கு 'தட்' போடுங்கள்: 'வாட்ஸ் தட் இன் யுவர் ஹேண்ட்?'

கேள்வி: ஆபீஸில் ஒரு சம்பவத்தைச் சொல்லி முடித்து 'திஸ் இஸ் வாட் ஹாப்பன்ட்' என்றேன். வெளிநாட்டு மேனேஜர் இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தார்.

பதில்: தமிழில் கதையை ஆரம்பிக்கும்போதும் முடிக்கும்போதும் 'இதுதான் நடந்தது' என்று சொல்லலாம். நீங்கள் தடுக்கியது அங்கேதான். ஆங்கிலப் பேச்சில் இனி சொல்லப்போவதற்குத் திஸ், சொல்லி முடித்ததற்குத் தட். 'தட்ஸ் வாட் ஹாப்பன்ட்' என்றிருந்தால் முடிந்தது என்று அவருக்குப் புரிந்திருக்கும். அடுத்தவர் சொன்னதற்கும் தட்தான்: 'தட்ஸ் ட்ரூ', நம் 'அது சரி' மாதிரியே. கட்டுரை எழுதும்போது மட்டும் கொஞ்சம் நெகிழ்வு உண்டு. முந்தைய வாக்கியத்தில் சொன்னதையே 'திஸ்' என்று பிடித்துக்கொண்டு மேலே போகலாம்.

கேள்வி: 'தோஸ் ஹூ ஹேவ் ஃபினிஷ்ட் கேன் லீவ்' என்கிறார்களே, தூரத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமா?

பதில்: முன்பெஞ்சுக்காரரும் எழுந்து போகலாம். இங்கே தூரக் கணக்கே இல்லை, 'முடித்தவர்கள்' என்று அர்த்தம், அவ்வளவுதான். 'தீஸ் ஹூ' என்று மாற்றிவிடாதீர்கள். ஒருவரை மட்டும் சொல்ல 'தட் ஹூ' என்பதும் வராது, 'எனிஒன் ஹூ' என்று போடுங்கள்.