மின்கோர் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

நினைவகம் ஒதுக்கும் ‘மாலாக்’ (malloc) தந்த 100 எம்பி இடத்தில் எந்தெந்தப் பக்கம் ரேமில் இருக்கிறது என்று லினக்ஸின் மின்கோரிடம் (mincore) கேட்டால் ‘ஈஇன்வால்’ (EINVAL, தவறான மதிப்பு) பிழைதான் வருகிறது. நினைவகம் கிடைத்துவிட்டதே, பிறகு என்ன தவறு? (கல்லூரி மாணவர், வேளச்சேரி)

முகவரியை அச்சிட்டுப் பாருங்கள். 64 பிட் லினக்ஸில் அநேகமாக 010 என்று (பதினாறடிமான எண்ணில்) முடிந்திருக்கும். இவ்வளவு பெரிய இடத்தை, மாலாக்கைத் தரும் சி நூலகமான ஜிலிப்சி (glibc), இயங்குதளத்தின் மையமான கர்னலிடம் நேரே எம்மேப் (mmap) மூலம் வாங்கி, முதல் 16 பைட்டைத் தன் கணக்குக்கு வைத்துக்கொண்டு மீதியைத்தான் உங்களிடம் தருகிறது. நினைவகத்தைக் கர்னல் ‘பக்கம்’ என்ற சம அளவுத் துண்டுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. மின்கோர் பக்கத்தின் தொடக்க முகவரியை மட்டுமே ஏற்கும். பக்கம் 4096 பைட் என்றால், அது 000 என்று முடிய வேண்டும்.

முகவரியைப் பின்னுக்கு இழுத்தால் நீளமும் 16 பைட் கூடும், அதனால் ஒரு பக்கமும் கூடும். மின்கோர் விடை எழுதும் வரிசையில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பைட் வேண்டும். 100 எம்பிதானே என்று 25,600 பைட் ஒதுக்கி, 25,601ஆவது பைட் அடுத்த மாறியை அழித்ததை அறியாமல் ஒரு ராத்திரி முழுக்க விழித்திருக்கிறேன். ஒவ்வொரு பைட்டிலும் கடைசி பிட்டை மட்டும் பாருங்கள்: 1 என்றால் பக்கம் ரேமில் இருக்கிறது, 0 என்றால் இல்லை. மற்றவற்றுக்கு லினக்ஸ் பொருள் எதுவும் தரவில்லை.

அதைச் சரிசெய்த பிறகு முதல் பக்கம் 1, மற்றதெல்லாம் 0. (அதே மாணவர்)

சரிதான். நீங்கள் இன்னும் தொடாத பக்கத்துக்குக் கர்னல் இடம் தருவதில்லை. முதல் பக்கத்தில் மட்டும் ஜிலிப்சி தன் கணக்கை எழுதியிருக்கிறது.

மின்கோர் 1 என்கிறது. அடுத்த நொடியே படித்தால் டிஸ்க்குக்குப் போகிறது. (பொறியாளர், பெருங்குடி)

மாலை ஆறு மணிக்குத் தி. நகர் பஸ் நிலையத்தில் ஜன்னல் வழியே காலி இருக்கையைப் பார்த்துவிட்டு, சாவகாசமாகப் படியேறினால் அது உங்களுக்குக் கிடைக்குமா? மின்கோர் எட்டிப் பார்ப்பதோடு சரி. துண்டு போட வேண்டுமானால், பக்கத்தை ரேமிலேயே பூட்டி வைக்கும் எம்லாக்தான் (mlock). அதற்கும் வரம்பு உண்டு: கர்னல் 5.16 முதல் இயல்பாக 8 எம்பி, அதற்கு முன் 64 கேபிதான்.

கோப்பு மேப்பிங் (கோப்பை நினைவக முகவரிகளில் பொருத்திப் படிப்பது) என்றால் இன்னொன்றும் உண்டு. 1 என்பது அந்தப் பக்கம், கோப்புகளிலிருந்து படித்ததைக் கர்னல் ரேமில் வைத்திருக்கும் பேஜ் கேஷில் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். உங்கள் நிரலின் முகவரிகளை ரேமோடு இணைக்கும் பக்க அட்டவணையில் அது ஏறியிருக்க வேண்டியதில்லை. முதல் தொடுதலில் சிறிய பேஜ் ஃபால்ட் (டிஸ்க்குக்குப் போகாமல் கர்னல் அந்த இணைப்பைப் போட்டுத் தரும் சிறு தடங்கல்) ஒன்று வரலாம்.

சர்வரின் கர்னலைப் புதுப்பித்தோம். இப்போது எந்தக் கோப்பைக் கேட்டாலும் எல்லாப் பக்கமும் 1. உண்மையில் படித்தால் மந்தமாக இருக்கிறது. (நிர்வாகி, கிண்டி)

அது பழுதல்ல, வேண்டுமென்றே சொல்லும் பொய். பேஜ் கேஷ் எல்லோருக்கும் பொது. பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் ஒரு நூலகக் கோப்பின் குறிப்பிட்ட பக்கம் எப்போது உள்ளே வருகிறது என்று மின்கோரால் கவனித்துக்கொண்டே இருந்தால், அடுத்தவரின் நிரல் என்ன செய்கிறது என்பதை ஊகிக்கலாம். 2019இல் ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டினார்கள். அதே ஆண்டு வந்த 5.2 கர்னலில் வாசலை அடைத்தார்கள்: கோப்பு உங்களுடையதாக இருக்க வேண்டும், அல்லது அதில் எழுதும் அனுமதி வேண்டும். இரண்டும் இல்லையென்றால் எல்லாப் பக்கத்துக்கும் 1. பிழை என்று மறுத்திருந்தால் பழைய நிரல்கள் பல உடைந்திருக்கும். என்றாலும், தெரியாது என்பதற்குப் பதில் ‘இருக்கிறது’ என்று சொல்வது எனக்கு இன்றும் உறுத்துகிறது. உங்கள் கண்காணிப்பு நிரலைக் கோப்பின் உரிமையாளர் கணக்கில் ஓட்டிப் பாருங்கள்.

நிரல் எழுதாமல் பார்க்க வழி உண்டா? (அம்பத்தூர் வாசகர்)

யுடில்-லினக்ஸ் தொகுப்பில் ‘ஃபின்கோர்’ என்ற கட்டளை இருக்கிறது. கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும், எத்தனை பக்கம் உள்ளே இருக்கிறது என்று சொல்லிவிடும்.