ஹூக் வரிசையைக் கம்பைலர் காக்குமா? – கேள்வி பதில்

பெங்களூரு அல்சூர் ஏரிப் பக்கம் ஞாயிறுதோறும் கூடும் எங்கள் சிறு வட்டத்தில், நான் பியூர்ஸ்கிரிப்டில் வலைத்திரைகள் எழுதுகிறேன் என்று தெரிந்ததிலிருந்து கேள்விகள் ஓய்ந்தபாடில்லை. சேர்ந்தவற்றுக்கு இங்கே பதில். பியூர்ஸ்கிரிப்ட் ஒரு நிரல்மொழி; ஒவ்வொரு மதிப்பின் வகையையும் (டைப்) ஓட்டுமுன்பே சரிபார்த்து, நிரலை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றுவது அதன் கம்பைலர்.

செல்வி, மாரத்தஹள்ளி: அக்கா, ரியாக்டில் ஹூக்கை நிபந்தனைக்குள் அழைக்கக் கூடாது என்கிறார்கள். அழைத்தால் என்ன, குடியா முழுகிவிடும்?

முழுகும். ரியாக்ட் என்பது வலைத்திரையைக் காம்பொனென்ட் என்ற துண்டுகளாகக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம். ஒரு காம்பொனென்ட் மதிப்பை நினைவில் வைக்கவும் (யூஸ்ஸ்டேட்), திரை வரைந்தபின் வேலை செய்யவும் (யூஸ்எஃபெக்ட்) அழைக்கும் செயல்கூறுகளே ஹூக்குகள். 2019 பிப்ரவரியில் 16.8 பதிப்போடு வந்த ஹூக்குகளுக்கு ரியாக்ட் பெயர் எதுவும் வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு ரெண்டரிலும், அதாவது திரையை வரையும் ஒவ்வொரு முறையும், முதலில் அழைத்தது முதல் இடம், அடுத்தது இரண்டாம் இடம்; அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். தர்ஷினி உணவகத்தில் மூன்று பேர் டோக்கனைக் கொடுத்துவிட்டு நிற்கிறார்கள்: இட்லி, வடை, காபி. பரிமாறுபவர் முகம் பார்ப்பதில்லை. வரிசையைப் பார்த்துத் தட்டை நீட்டுகிறார். நடுவில் இருப்பவர் போன் பேச விலகினால், காபி கேட்டவர் கையில் வடை.

ரமேஷ், ஒயிட்ஃபீல்டு: அதைப் பிடிக்கத்தான் நிரலை அலசி எச்சரிக்கும் லின்ட் கருவி இருக்கிறதே?

இருக்கிறது, அதன் வாயை ஒரு வரிக் குறிப்பில் அடைத்தும் விடலாம். முன்பு நான் வேலை செய்த இடத்தில் அதைத்தான் செய்தோம். பயனர் உள்நுழையவில்லை என்றால் காம்பொனென்டின் மூன்றாவது வரியிலேயே திரும்பிவிடும்படி எழுதியிருந்தோம்; அதற்குக் கீழே இரண்டு யூஸ்ஸ்டேட். எச்சரிக்கையை அடக்கியது நான்தான். வெள்ளிக்கிழமை மாலை யாரோ வெளியேறும் பொத்தானை அழுத்த, 'எதிர்பார்த்ததைவிடக் குறைவான ஹூக்குகள்' என்று பிழை எழுந்து திரை முழுக்க வெள்ளையானது.

பியூர்ஸ்கிரிப்டின் ரியாக்ட் பேசிக் ஹூக்ஸ் நூலகத்தில் அந்த நிரல் கம்பைலரையே தாண்டாது. அங்கே ஒவ்வொரு ஹூக்கும் டைப்பில் ஓர் அடுக்கை ஏற்றுகிறது. தொடக்கத்தில் இருப்பது வெறும் யூனிட், அதாவது அடுக்கே ஏறாத நிலை. எண்ணுக்கான யூஸ்ஸ்டேட்டை அழைத்ததும் டைப் 'யூஸ்ஸ்டேட் இன்ட் யூனிட்' ஆகிறது. அதன்மேல் யூஸ்எஃபெக்ட் வந்தால், முந்தையதை அப்படியே உள்ளே வைத்து இன்னொரு அடுக்கு. டிபன் கேரியர் போல. இஃப்பின் ஒரு கிளை இரண்டடுக்கோடும் மற்றொன்று ஓரடுக்கோடும் முடிந்தால், அவை வெவ்வேறு டைப்புகள். எனவே நிரல் நிராகரிக்கப்படும். ஹூக்குக்கென்று கம்பைலரில் தனிச்சட்டம் எதுவும் இல்லை. இஃப்பின் இரு கிளைகளுக்கும் ஒரே டைப் இருக்க வேண்டும் என்ற பழைய சட்டமே போதுமாகிறது. எனக்கு இதில் மிகப் பிடித்த இடம் அதுதான்.

பாத்திமா, சிவாஜிநகர்: இரண்டு கிளைகளிலும் ஒரே வகை ஹூக் இருந்தால்?

நல்ல குறும்பு. ஏற்றுக்கொள்ளும், ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். எந்தக் கிளையில் போனாலும் முதல் இடத்தில் எண் வைத்த யூஸ்ஸ்டேட்தான், வரிசை குலையவில்லை. ஆனால் இரண்டும் ஒரே பெட்டி என்பதை மறக்காதீர்கள். முதல் கிளையில் 7 வைத்தால், கிளை மாறிய பிறகும் 7தான் வரும். இரண்டாம் கிளையின் தொடக்க மதிப்பை யாரும் சீண்டமாட்டார்கள்.

கார்த்திக், கோரமங்களா: செயல்களை வரிசையாக எழுதும் 'டூ' தொகுதியில் ஹூக் எழுதினால் புரியாத டைப் பிழைகள் கொட்டுகின்றன.

டூவுக்கு முன்னால் 'ரியாக்ட்' என்று மாட்யூல் பெயரும் புள்ளியும் சேர்த்தீர்களா? சாதாரண மோனாடில் (செயல்களை அடுத்தடுத்துக் கோக்கும் முறை) அடிக்கு அடி இந்த அடுக்கு மாறாது. இங்கே மாறுகிறது, அதனால் இது இண்டெக்ஸ்டு மோனாட். அடிகளைக் கோக்கும் இதற்கான பைண்ட் அந்த மாட்யூலில் இருக்கிறது.

மீனாட்சி, ஜெயநகர்: யூஸ்எஃபெக்ட் தேவையில்லாமல் திரும்பத் திரும்ப ஓடுவதும் இதில் நிற்குமா?

பாதி நிற்கும். ஜாவாஸ்கிரிப்டில் ஒவ்வொரு ரெண்டரிலும் புதிதாகப் பிறக்கும் ஆப்ஜெக்டைச் சார்புப் பட்டியலில் (எது மாறினால் எஃபெக்ட் ஓட வேண்டும் என்ற பட்டியல்) வைத்தால், உள்ளடக்கம் அதேதான் என்றாலும் எஃபெக்ட் மறுபடி ஓடும். இந்த நூலகம் சார்புகளுக்கு 'ஈக்', அதாவது சமமா என்று ஒப்பிடும் வழி, கேட்கிறது. மதிப்பை மதிப்போடு ஒப்பிடுகிறது. எஃபெக்ட் தொடங்கியதைப் பின்னர் நிறுத்தும் துப்புரவுச் செயலையும் டைப்பே கேட்டு வாங்கிவிடும். டைமரை நிறுத்தும் செயலைத் தராமல் விட்டால் நிரல் கம்பைல் ஆகாது. நிறுத்த எதுவுமில்லை என்றால் 'ப்யூர் மெம்ப்டி' (ஒன்றும் செய்யாதே) என்று வாய்திறந்து சொல்லியாக வேண்டும். அங்கேயும் சோம்பலாக மெம்ப்டி போட்டு ஏமாற்றலாம், அது உங்கள் பாடு.

மீதிப் பாதி: எஃபெக்டுக்குள் பயன்படுத்திய ஒரு மதிப்பைச் சார்பாகத் தர மறந்தால் கம்பைலர் வாய் திறக்காது. எஃபெக்ட் பழைய மதிப்பையே பிடித்துக்கொண்டு ஓடும். இந்த ஒன்றில் ஜாவாஸ்கிரிப்ட்காரர்களின் லின்ட்டைப் பார்த்து எனக்குப் பொறாமைதான்.

செல்வி, மீண்டும்: காம்பொனென்டை உருவாக்குவதே ஏன் எஃபெக்டாக இருக்கிறது? எரிச்சலாக இருக்கிறது.

எனக்கும் முதல் வாரம் அப்படித்தான் இருந்தது. இந்த எஃபெக்ட் யூஸ்எஃபெக்ட் அல்ல; பக்கவிளைவுள்ள செயலுக்குப் பியூர்ஸ்கிரிப்ட் தரும் டைப். ரெண்டரின் நடுவே காம்பொனென்டை உருவாக்கினால், ரியாக்டின் கண்ணுக்கு அது ஒவ்வொரு முறையும் புது ஆள். பழையதைக் கழற்றி எறிந்து புதியதை மாட்டும். தட்டச்சு செய்துகொண்டிருந்த பெட்டி காலியாகும். ஆக்கம் எஃபெக்டில் இருந்தால் ரெண்டருக்குள் அதை ஓட்ட வழியில்லை. நிரல் தொடங்கும் மெயினில் ஒருமுறை உருவாக்கிக் கீழே கொடுத்துவிடுங்கள்.

ஜான், ஹெப்பால்: படித்துப் பார்க்க நம் ஊர் நிரல் ஏதாவது?

'நம்ம யாத்ரி' ஆட்டோ செயலி. முகப்பைப் பியூர்ஸ்கிரிப்டிலும் பின்னணியை ஹாஸ்கெல் மொழியிலும் கட்டத் தொடங்கினார்கள். மூலநிரல் திறந்தே கிடக்கிறது. அதில் ஹூக்கைத் தேடாதீர்கள், திரை வரைய அவர்களுக்கென்று தனி நூலகம் உண்டு. ஹூக் வேண்டுமென்றால் ரியாக்ட் பேசிக் ஹூக்ஸின் மூலநிரலையே திறந்து, 'கோயர்ஸ்ஹூக்' என்ற செயல்கூறு எங்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள். சொந்த ஹூக்கின் அடுக்குகளை நியூடைப்பால் (இருக்கும் டைப்புக்குப் புதுப் பெயரில் ஓர் உறை) மூடுவது அங்கே புரியும். அடுத்த ஞாயிறு மடிக்கணினியோடு வாருங்கள்.