‘~’ போட்டால் மேக்கில் ஓடுகிறது, விண்டோஸில் ஓடவில்லை: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: சிறிய போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறேன். பழைய மேக் ஒன்று, புதிதாக வாங்கிய விண்டோஸ் லேப்டாப் ஒன்று. இரண்டிலும் ஒரே மாதிரி ஓடும் என்று விளம்பரத்தில் போட்டிருந்ததால் ஒரு பேக்கப் மென்பொருளுக்கு வருடச் சந்தா கட்டினேன். சேமிக்கும் இடமாக ‘~/பேக்கப்’ என்று கொடுத்தேன். மேக்கில் சரியாகப் போய்ச் சேர்ந்தது. விண்டோஸில் பச்சை டிக் வருகிறது, என் ஃபோல்டரில் ஒன்றும் இல்லை. தேடினால், டி டிரைவில் அந்த மென்பொருள் இருக்கும் இடத்திலேயே ‘~’ என்ற பெயரில் ஒரு ஃபோல்டர். படங்கள் எல்லாம் அதற்குள் கிடக்கின்றன. விற்றவர்களோ ‘நீங்கள்தான் தப்பாகக் கொடுத்தீர்கள்’ என்கிறார்கள். பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். அதற்கு முன் படங்களைக் காப்பாற்றுங்கள். அந்த ஃபோல்டருக்குள் இருப்பதை வேறு இடத்துக்கு நகலெடுத்து, நாலைந்து படங்களைத் திறந்து பாருங்கள். அப்புறம் ‘~’ ஃபோல்டரை மவுஸால் மட்டும் அழியுங்கள். கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் விண்டோஸின் பவர்ஷெல்லிலோ மேக்கின் டெர்மினலிலோ அழிக்கும் கட்டளையோடு வெறும் ~ என்று தட்டினால், அது இந்த ஃபோல்டரைக் குறிக்காது. உங்கள் ஹோம் ஃபோல்டர், அதாவது உங்கள் கோப்புகள் எல்லாம் இருக்கும், உங்கள் பெயரிலான ஃபோல்டர் மொத்தத்தையும் குறிக்கும். டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப் எல்லாம் போய்விடும்.

சரி, தப்பு யாருடையது? ‘~’ என்பதை ஹோம் ஃபோல்டராக விரித்துக் கொடுப்பது இயங்குதளம் அல்ல. மேக்கிலும் லினக்ஸிலும் நாம் கட்டளை தட்டும் ஷெல்தான் அதைச் செய்கிறது. மேக்கில் அது ‘/யூசர்ஸ்/உங்கள் பெயர்’ ஆகும், லினக்ஸில் பொதுவாக ‘/ஹோம்/உங்கள் பெயர்’. (1976இல் வந்த ஏடிஎம்-3ஏ (ADM-3A) என்ற கணினி முனையத்தின் விசைப்பலகையில் ஹோம் என்ற சொல்லும் ~ குறியும் ஒரே விசையில் இருந்தன, வழக்கம் அங்கிருந்து ஒட்டிக்கொண்டது.) விண்டோஸின் பழைய கமாண்ட் பிராம்ப்டுக்கு இது தெரியவே தெரியாது. பவர்ஷெல்லுக்குத் தெரியும்.

மென்பொருளின் செட்டிங்ஸ் பெட்டியில் நீங்கள் தட்டுவது எந்த ஷெல் வழியாகவும் போவதில்லை. மென்பொருளை எழுதியவர்தான் விரித்துக்கொள்ள வேண்டும். பைத்தான் என்ற நிரல் மொழியில் அதற்கு ‘எக்ஸ்பாண்ட்யூசர்’ என்று தயாராகவே ஒன்று இருக்கிறது. ஒரு வரி வேலை. அதைச் செய்யாமல் விட்டால் விண்டோஸுக்கு ~ ஒரு சாதாரண எழுத்து. ஃபோல்டர் பெயரில் வரக்கூடிய எழுத்து என்பதால் பிழைச் செய்தியும் வராது.

ஆகவே, மேக் பதிப்பு ~ ஐ ஏற்றுக்கொள்கிறது, விளம்பரம் ‘ஒரே மாதிரி’ என்கிறது என்றால், உங்கள் மேல் பழி போடுவது எடுபடாது. கையேட்டிலேயே ~ போட்ட உதாரணம் இருந்தால் இன்னும் நல்லது. விளம்பரம், இரண்டு கணினியின் செட்டிங்ஸ், அந்த ‘~’ ஃபோல்டர் மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். போனில் பேசியது நிற்காது. பதில் சரியில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம். ஆனால் ‘விண்டோஸில் முழுப் பாதை கொடுக்கவும்’ என்று கையேட்டில் எழுதியிருந்தால் உங்கள் பக்கம் பலவீனம்தான்.

மென்பொருள் மற்றபடி பிடித்திருந்தால், ‘சி:\யூசர்ஸ்\உங்கள் பெயர்\பேக்கப்’ என்று முழுப் பாதையைக் கொடுத்து ஓட்டலாம். அது தெரியாவிட்டால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் ‘யூசர்புரொஃபைல்’ என்பதை ஆங்கிலத்தில், இருபுறமும் % குறி போட்டுத் தட்டுங்கள். உங்கள் ஹோம் ஃபோல்டர் திறக்கும்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். புது லேப்டாப்பில் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவின் பேக்கப் ஓடிக்கொண்டிருந்தால், நீங்கள் பார்க்கும் பிக்சர்ஸ் ஃபோல்டர் ஒன்டிரைவுக்குள் நகர்ந்திருக்கும். எதை பேக்கப் எடுக்க வேண்டும் என்பதற்கு ‘~/பிக்சர்ஸ்’ என்று கொடுத்தால், மென்பொருள் ~ ஐச் சரியாக விரித்தாலும் ஹோமுக்கு நேர்கீழே உள்ள பிக்சர்ஸைத்தான் தேடும். அங்கே உங்கள் கல்யாண ஆல்பம் இருக்காது. பிக்சர்ஸ் மேல் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் லொகேஷன் என்ற டேபில் இருப்பதை அப்படியே நகலெடுத்து, எதை பேக்கப் எடுக்க வேண்டும் என்று கேட்கும் பெட்டியில் ஒட்டுங்கள்.