எப்காட் உணவுத் திருவிழா: எந்த வேளைக்கு மேசை பிடிப்பது?

பாளையங்கோட்டை வாசகர் ஒருவர் கேட்கிறார்: “அக்டோபரில் நானும் மனைவியும் அட்லாண்டாவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறோம். அங்கிருந்து ஐந்து பேருமாக ஓர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்குப் போய், எப்காட் பூங்காவில் இரண்டு நாள் சுற்றுவதாகத் திட்டம். அப்போது அங்கே உணவுத் திருவிழா நடக்குமாம். ‘மாமா, எல்லா வேளைக்கும் இப்பவே டேபிள் புக் பண்ணிடணும்’ என்கிறாள் மருமகள். சாப்பாட்டுக்குப் போய் இரண்டு மாதம் முன்னாலேயே இடம் பிடிக்க வேண்டுமா? நாங்கள் சுத்த சைவம். எனக்குச் சர்க்கரை. பேத்திக்கு 4 வயது.”

அண்ணாச்சி, மருமகள் சொல்வதில் பாதிதான் சரி. அந்தத் திருவிழாவில் சாப்பாடு இரண்டு விதம். ஆனித் தேரோட்டத்துக்கு நம்ம ரதவீதியில் வரிசையாகக் கடை போடுவார்களே, அதுபோல பூங்காவுக்குள் இருக்கும் ஏரியைச் சுற்றி நாட்டுக்கு ஒன்றாகச் சின்னச் சின்னக் கடைகள் இருக்கும். உள்ளங்கை அகலத் தட்டில் நாலு வாய் வைத்துக் கொடுப்பார்கள். பெரும்பாலும் 5 முதல் 10 டாலருக்குள் முடிந்துவிடும். இதற்கு முன்பதிவே கிடையாது. வரிசையில் நின்று வாங்கி, இடம் கிடைத்தால் உட்கார்ந்தும் இல்லையென்றால் நின்றபடியும் சாப்பிட வேண்டியதுதான். இன்னொன்று, மேசையில் உட்காரவைத்துப் பரிமாறும் உணவகம். பந்தியில் இடம் பிடிக்கிற பாடெல்லாம் இதற்குத்தான்.

நான் ஓர்லாண்டோவில் வேலை பார்த்த காலத்தில் அப்பா, அம்மாவை இதே திருவிழாவுக்குக் கூட்டிப்போனேன். பெரிய கெட்டிக்காரன் மாதிரி மதியம் ஒன்று, ராத்திரி ஒன்று என்று இரண்டு மேசை பிடித்து வைத்தேன். சாயங்காலம் முழுக்கக் கடை கடையாகக் கொறித்ததில் ராத்திரி 7 மணிக்கு யாருக்கும் பசியே இல்லை. ரத்து செய்யவும் மறந்துவிட்டேன். ஆளுக்கு 10 டாலர் தண்டம்.

அதனால் ஒரு நாளுக்கு ஒரே ஒரு மேசை போதும். அதுவும் மதியம் 12.45 அல்லது 1 மணிக்கு. ஏரியைச் சுற்றி ஒவ்வொரு நாட்டின் பாணியிலும் கட்டிவைத்திருக்கும் உலக நாடுகள் வட்டாரம் வழக்கமாகக் காலை 11 மணிக்குத்தான் திறக்கும். ஏரியை ஒரு சுற்று வந்தால் ஏறக்குறைய 2 கிலோமீட்டர். அக்டோபர் தொடக்கத்திலும் அங்கே வெயில் நம்ம ஊர் புரட்டாசி வெயிலுக்குச் சளைத்ததில்லை. மாத்திரை போட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிட வேண்டிய உங்களுக்கு ஒரு மணி வாக்கில் நாற்காலியும் ஏசியும் பக்கத்தில் கழிவறையும் நிச்சயமாக வேண்டும். மேசைக்குக் கொடுக்கிற பணத்தில் பாதி அதற்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த உணவகம் என்பதைப் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள், நடக்கும் பாதையை வைத்து முடிவு செய்யுங்கள். முன்வாசல் வழியாகப் போய் ஏரிக்கரையில் இடப்பக்கம் திரும்பினால் மெக்சிகோ, நார்வே, சீனா, ஜெர்மனி, இத்தாலி என்று வரிசையாக வரும். அமெரிக்கா, ஜப்பான், மொராக்கோ, பிரான்ஸ், பிரிட்டன், கனடா என்று சுற்றி வந்தால் மொத்தம் 11 நாடுகள். 11 மணிக்குக் கிளம்பி இரண்டு மூன்று கடைகளில் ருசி பார்த்துக்கொண்டே போனால் ஒரு மணிக்கு இத்தாலியில் இருப்பீர்கள். அங்கே வியா நாப்போலி என்ற பீட்சா உணவகம் உண்டு. அதன் விறகு அடுப்புகளுக்கு எட்னா, வெசூவியோ, ஸ்ட்ரோம்போலி என்று எரிமலைகளின் பெயர். மார்கரீட்டா பீட்சா ஒன்றைச் சொல்லிவிட்டால் சைவக் கவலை பெரும்பாலும் தீர்ந்தது. சர்க்கரைக்கு மைதா ஆகாது என்பீர்கள், அதுவும் சரிதான். சாலட்டை முதலில் முடித்துவிட்டு இரண்டு துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாளைப் பேத்திக்கு விடுங்கள். பூங்காவின் முன்பகுதியில் கார்டன் கிரில் என்று மெதுவாகச் சுழலும் உணவகம் இருக்கிறது. மிக்கி வேஷத்தில் மேசைக்கே வந்து குழந்தைகளைக் கொஞ்சுவார்கள். சைவம் என்று முன்பதிவிலேயே எழுதிவிட்டு, உட்கார்ந்ததும் ஒருமுறை வாயாலும் சொல்லுங்கள். பேத்திக்குக் குழந்தைக் கட்டணம்தான். அது 3 முதல் 9 வயது வரை. ஜெர்மனி உணவகத்தின் பஃபே பக்கம் நீங்கள் போக வேண்டாம், முக்கால்வாசி இறைச்சி. ஸ்பேஸ் 220 என்று விண்வெளிக்கே போவதுபோல ஜோடித்த ஒன்றும் உண்டு. இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. பார்க்க ஜோர்தான், ஆனால் சைவக்காரர் அந்த விலை கொடுக்கத் தேவையில்லை என்பது என் கட்சி.

இனி தேதிக் கணக்கு. முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கும். அக்டோபர் 10-க்கு வேண்டுமென்றால் ஆகஸ்ட் 11. அங்கே காலை 6 மணி வாக்கில் திறக்கும், அந்தச் சமயத்தில் நமக்கு மாலை 3.30. மருமகள் அரைத்தூக்கத்தில் எழுந்து அல்லாட வேண்டாம். மகனின் டிஸ்னி இணையக் கணக்கு விவரம் கையில் இருந்தால் நீங்களே டீ குடித்துக்கொண்டு பாளையங்கோட்டையிலிருந்து பிடித்துவிடலாம். டிஸ்னியின் சொந்த விடுதியில் தங்குவதாக இருந்தால் இன்னொரு வசதி: போய்ச் சேரும் நாளைக் கணக்கிட்டு 60 நாள் முன்னால், தங்கும் நாள் அத்தனைக்கும் (10 நாள் வரை) ஒரே மூச்சில் பிடிக்கலாம். அப்படியானால் கிடைக்கக் கடினமான உணவகத்தைக் கடைசி நாளுக்கு வையுங்கள். வெளியே தங்குகிறவர்களுக்கு அந்தத் தேதி இன்னும் திறந்திருக்காது, போட்டி குறைவு.

தவறிவிட்டாலும் பதற வேண்டாம். பெரும்பாலான உணவகங்களில் 2 மணி நேரம் முன்னால் வரை தண்டமில்லாமல் ரத்து செய்யலாம். அதனால் அன்று காலையிலேயே இடங்கள் விடுபட்டு வரும். டிஸ்னி செயலியைத் திறந்து திறந்து பாருங்கள். வெள்ளி சாயங்காலமும் சனிக்கிழமையும் உள்ளூர்க் கூட்டம் மொய்க்கும் என்பதால் செவ்வாய், புதன் போனால் நல்லது. மேசை பிடித்திருந்தாலும் பூங்காவுக்கு நுழைவுச்சீட்டு தனி.

சைவ விஷயத்தில் ஒன்று. ‘வெஜிடேரியன்’ என்றால் அங்கே முட்டையும் சேர்த்தி. பீன்ஸில் பன்றிக் கொழுப்பு, சாதத்தில் கோழிச்சாறு, ஜப்பான் குழம்பில் மீன்சாறு எல்லாம் சத்தமில்லாமல் வந்துவிடும். “நோ மீட், நோ ஃபிஷ், நோ எக், நோ சிக்கன் ஸ்டாக்” என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். பட்டியலில் பச்சை இலைக் குறி இருந்தால் பால், முட்டை, தேன்கூடக் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆனால் அதில் கறி மாதிரியே செய்த சோயாவும் வரும். என் அம்மா ஒரு கடி கடித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

அப்புறம், பலருக்குத் தெரியாத செய்தி: வீட்டுச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோகத் தடையில்லை. புளியோதரையோ தயிர்சாதமோ ஒரு டப்பாவில் பையில் இருக்கட்டும், வரிசை நீண்டு நேரம் தப்பினால் உங்களுக்கு உதவும். ஊறுகாயை மட்டும் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்துப் போகாதீர்கள். வாசலில் பையைச் சோதிக்கும்போது அதை உள்ளே விட மாட்டார்கள்.