வயலை விற்கும் முன் மாப்பிள்ளையின் வரிக் கணக்கைப் பாருங்கள்

கேள்வி: அண்ணாச்சி, நான் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊர் வீரவநல்லூர். மகளுக்குப் போன தை மாதம் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை நியூ ஜெர்சியில் இருக்கிறார், அமெரிக்கக் குடிமகன். மகளுக்கு கிரீன் கார்டு கேட்டு மனுப் போட்டு நாலு மாதம் ஆகிறது. மாப்பிள்ளை பார்த்த வேலையை விட்டுவிட்டு சொந்தமாக ஒரு சின்ன கேட்டரிங் தொழில் நடத்துகிறார். அவருடைய அம்மாவும் அவரோடுதான் இருக்கிறார். கடைசியாகக் கட்டிய வரிக் கணக்கில் மொத்த வருமானம் 24,800 டாலர்தான். இது போதாது, மாப்பிள்ளை கணக்கில் 25 லட்ச ரூபாய் இருப்புக் காட்டினால்தான் விசா என்கிறார் இங்கே ஒரு ஏஜென்ட். எனக்குக் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் 70 சென்ட் நஞ்சை உண்டு. 24 லட்சத்துக்குக் கேட்கிறார்கள். 50,000 ரூபாய் அட்வான்ஸும் கையில் கொடுத்துவிட்டார்கள். மகள் தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 28,000. அவள் பேரில் 8 லட்சம் டெபாசிட்டும் 40 பவுன் நகையும் இருக்கின்றன. விற்கலாமா? கனடாவில் இந்த வருமானத் தொல்லையே கிடையாது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறாரே, அது நிஜமா?

பதில்: விற்க வேண்டாம் அண்ணாச்சி. இப்போதைக்கு வேண்டாம் என்றுகூடச் சொல்ல மாட்டேன். உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்ததில், இந்த விசாவுக்காக அந்த வயலைத் தொடவே தேவை இல்லை.

ஏஜென்ட் சொன்ன 25 லட்சம் எந்தச் சட்டத்திலும் இல்லை. அமெரிக்க அரசு கேட்பது வருமானம். மனைவியை வரவழைக்கிறவர் ஐ-864 என்ற படிவத்தில், "இவரை நான் காப்பாற்றுவேன், அரசாங்கத்தின் கையை எதிர்பார்க்க விடமாட்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படிக் காப்பாற்றுகிற சக்தி இருக்கிறதா என்று பார்க்க ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். அந்த நாட்டின் சுகாதாரத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் வறுமை வரம்பில் 125 சதவீதம். ராணுவப் பணியில் இருப்பவர் மனைவியை அழைத்தால் 100 சதவீதம் போதும். மாப்பிள்ளைக்கு அது பொருந்தாது.

2025 பட்டியல்படி, இரண்டு பேர் கொண்ட குடும்பத்துக்கு 26,437 டாலர், மூன்று பேருக்கு 33,312 டாலர். உங்கள் மனு அந்தக் கட்டத்துக்கு வரும்போது புதுப் பட்டியல் நடப்பில் இருக்கும், தொகை கொஞ்சம் கூடும். இந்தத் தொகைகளை ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம்.

இங்கேதான் உங்களிடம் நான் கேட்க வேண்டிய முதல் கேள்வி வருகிறது. குடும்பத்தில் இரண்டு பேரா, மூன்று பேரா? மாப்பிள்ளை ஒன்று, உங்கள் மகள் இரண்டு. சம்பந்தியம்மா மூன்றாவது ஆளா என்பது, ஒரே வீட்டில் ஒரே உலையில் சாப்பிடுவதைப் பொறுத்தது அல்ல. வரிக் கணக்கில் அம்மாவைத் தன்னைச் சார்ந்தவர் என்று மாப்பிள்ளை காட்டியிருந்தால் அவரும் சேர்வார். முன்பு மாப்பிள்ளையே இதே ஐ-864 எழுதி அம்மாவுக்கு கிரீன் கார்டு வாங்கிக் கொடுத்து, அந்தப் பொறுப்பு இன்னும் முடியாமல் இருந்தாலும் சேர்வார். இரண்டும் இல்லை என்றால் அவரைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. மாப்பிள்ளைக்கு ஒரு போன் போட்டு இதைக் கேட்டுவிடுங்கள். மிச்சம் எல்லாம் இந்தப் பதிலில்தான் தொங்குகிறது.

முதலில், சம்பந்தியம்மா சேரவில்லை என்று வைப்போம். வேண்டியது 26,437, இருப்பது 24,800. குறைவது 1,637 டாலர். வருமானம் குறைந்தால் அந்தக் குறையைச் சொத்தைக் காட்டி நிரப்பலாம். அமெரிக்கக் குடிமகன் மனைவியை அழைத்தால், குறையைப் போல மூன்று மடங்குச் சொத்து இருந்தால் போதும். கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர் அழைத்தால் ஐந்து மடங்கு. உங்களுக்கு மூன்று மடங்கு, அதாவது 4,911 டாலர். டாலருக்கு 88 ரூபாய் என்று போட்டால் ஏறக்குறைய 4 லட்சத்து 32 ஆயிரம். அந்தச் சொத்து மாப்பிள்ளை பேரில்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அங்கே குடியேறப்போகிற மனைவி பேரில் இருக்கும் சொத்தும் செல்லும். உங்கள் மகள் பேரில் 8 லட்சம் டெபாசிட் கிடக்கிறது. காரியம் அதோடு முடிந்தது அண்ணாச்சி. இதற்குப் போய் வயலுக்கு அட்வான்ஸ் வாங்கிவிட்டீர்களே!

இனி, சம்பந்தியம்மாவும் சேர்கிறார் என்று வைப்போம். வேண்டியது 33,312. குறைவது 8,512 டாலர், மூன்று மடங்கு 25,536 டாலர். ரூபாயில் இருபத்திரண்டரை லட்சம் பக்கம் வருகிறது. ஏஜென்ட் இந்தக் கணக்கைத்தான் எங்கேயோ அரைகுறையாகக் கேட்டு 25 லட்சம் ஆக்கியிருப்பார் என்று நினைக்கிறேன். முழுக் குறையையும் சொத்தாலேயே அடைக்கப் பார்த்தால்தான் இந்தத் தொகை. கொஞ்சம் சொத்து, கொஞ்சம் வருமானம் என்று கலந்தும் அடைக்கலாம்.

மகளின் 8 லட்சம் என்பது சுமார் 9,090 டாலர். மூன்றால் வகுத்தால் 3,030 டாலர் வருமானத்துக்குச் சமம். மீதிக் குறை 5,482 டாலர். மாப்பிள்ளை தொழிலோடு பகுதிநேரமாக, மணிக்கு 16 டாலர் கிடைக்கிற ஒரு வேலைக்குப் போனால், இதைச் சம்பாதிக்க வருடத்துக்கு 343 மணி நேரம். வாரத்துக்கு ஏழு மணி நேரம்கூட முழுசாக இல்லை. அங்கே ஒருவருடைய இரண்டு சாயங்கால வேலை, இங்கே கார், பிசானம் என்று இரண்டு போகம் விளைகிற 70 சென்ட். எது மலிவு என்று நீங்களே பாருங்கள்.

பகுதிநேர வேலைக்குப் போகாமலும் ஒரு வழி இருக்கலாம். சொந்தத் தொழில் செய்கிறவருக்கு இந்தப் படிவத்தில் மொத்த விற்பனை செல்லாது. செலவெல்லாம் கழித்து வரிக் கணக்கில் நிற்கிற லாபம்தான் செல்லும். வேன், பெட்ரோல், போன், பாத்திரம் என்று கழிக்க முடிந்ததை எல்லாம் கழித்து வரியைக் குறைத்தால், ஸ்பான்சராக, அதாவது மனைவியைக் காப்பாற்றும் பொறுப்பு ஏற்பவராக, அவர் காட்டுகிற வருமானமும் சேர்ந்தே குறைகிறது. நம்மூர்க் கடைக்காரர்கள் வருடா வருடம் லாபத்தைச் சுருக்கிக் காட்டிவிட்டு, வீட்டுக் கடனுக்கு வங்கிக்குப் போனதும் முழிப்பார்களே, அதே கதைதான். கட்டாயமில்லாத கழிவுகளை வரும் வருடக் கணக்கில் விட்டுவிட முடியுமா என்று மாப்பிள்ளை தன் ஆடிட்டரிடம் கேட்கட்டும். வரி கொஞ்சம் கூடும். கணக்கில் ஏறாத ரொக்க வருமானம் இருந்தால் அது இங்கே ஒரு காசுக்கும் உதவாது.

சம்பந்தியம்மா ஏதாவது வேலைக்குப் போய் முறையாகச் சம்பளம் வாங்குகிறாரா என்றும் கேளுங்கள். ஒரே வீட்டில் இருக்கும் உறவினர் ஐ-864ஏ என்ற துணைப் படிவத்தில் கையெழுத்திட்டால் அவர் வருமானத்தையும் கூட்டிக்கொள்ளலாம். எண்ணிக்கையைக் கூட்டிய ஆளே குறையையும் தீர்த்துவிடுவார். ஆனால் உங்கள் மகளின் 28,000 சம்பளம் சேராது. அங்கே போன பிறகும் அதே இடத்திலிருந்து தொடர்ந்து வரும் வருமானம் என்றால்தான் சேரும். விமானம் ஏறுவதற்கு முன்பே விடப்போகிற வேலை அது.

கூட்டு ஸ்பான்சர் என்ற வழியும் உண்டு. அமெரிக்காவில் குடியிருக்கும் குடிமகனோ கிரீன் கார்டுக்காரரோ யாராவது தனியாக ஓர் ஐ-864 எழுதித் தரலாம். உறவினராக இருக்க வேண்டும் என்பதில்லை. மாப்பிள்ளையின் குறையை மட்டும் அவர் நிரப்பினால் போதாது. தன் குடும்பத்தோடு உங்கள் மகளையும் சேர்த்து எண்ணி, முழு 125 சதவீதத்தையும் அவர் ஒருவரே தாண்ட வேண்டும். மனைவி, இரண்டு பிள்ளைகள் உள்ளவர் என்றால் உங்கள் மகளோடு ஐந்து பேர். 2025 கணக்கில் 47,062 டாலர். ஐ.டி. வேலையில் இருக்கிறவருக்கு அது பெரிய தொகை இல்லை.

தொகை பெரிதில்லை, கையெழுத்துதான் பெரிது. கூட்டுறவு சங்கத்தில் ஒருத்தர் கடனுக்கு ஜாமீன் போட்டவர் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாததா? இதுவும் அந்த வகைதான். உங்கள் மகள் குடியுரிமை வாங்கும் வரை, இல்லையென்றால் அங்கே 40 காலாண்டு, அதாவது சுமார் பத்து வருட வேலை அவள் கணக்கில் சேரும் வரை அந்தப் பொறுப்பு நீடிக்கும். அவள் அந்த நாட்டை விட்டே நிரந்தரமாக வந்துவிட்டாலும் அந்தப் பொறுப்பு முடிந்துவிடும். சொல்லக்கூடாத பேச்சுதான், ஆனாலும் பெண்ணைப் பெற்றவர் என்பதால் சொல்கிறேன்: விவாகரத்து ஆனால்கூட அந்தக் கையெழுத்து ரத்தாகாது. அதை வைத்து மனைவி அங்கே நீதிமன்றத்தில் பராமரிப்புக் கேட்கலாம். மாப்பிள்ளையின் ஐ-864 நகல் ஒன்று உங்கள் மகள் கையில் இருக்கட்டும். கூட்டு ஸ்பான்சராக வருகிறவரிடமும் இதை மறைக்காமல் சொல்லிவிட்டே கையெழுத்துக் கேளுங்கள்.

இப்போது வயலுக்கு வருகிறேன். அது உங்கள் பேரில் இருக்கிறது. உங்கள் சொத்து இந்தப் படிவத்தில் எங்கேயும் நுழையாது. விற்று மாப்பிள்ளைக்கு அனுப்பினால் நுழையும். ஆனால் சொத்து என்றால் அது எங்கே இருக்கிறது, யாருடையது, என்ன பெறும் என்பதோடு எந்தத் தேதியில் வந்தது என்பதற்கும் ஆதாரம் கேட்பார்கள். விசாப் பேட்டிக்குக் கொஞ்சம் முன்னால் மாமனாரிடமிருந்து மொத்தமாக வந்து விழுந்த பணத்தைப் பார்க்கிற அதிகாரி என்ன நினைப்பார்?

அனுப்புகிற செலவும் இருக்கிறது. ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் வெளிநாட்டுக்கு அன்பளிப்பாக அனுப்பினால், மிஞ்சுகிற தொகைக்கு 20 சதவீதம் டி.சி.எஸ்., அதாவது அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் முன்வரி, பிடிப்பார்கள். இருபத்திரண்டரை லட்சம் அனுப்பினால் இரண்டரை லட்சம் அங்கே மாட்டிக்கொள்ளும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்துதான் திரும்ப வாங்க முடியும். அப்படியே பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் கடல் தாண்டி அனுப்பவே வேண்டாமே. மகள் பேரில் இங்கேயே டெபாசிட் போட்டாலும் படிவத்துக்கு அதே மதிப்பு.

வயலையே மகளுக்கு செட்டில்மென்ட் எழுதிவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். எழுதலாம், குடும்பத்துக்குள் என்றால் பத்திரச் செலவும் குறைவுதான். இங்கே இருக்கும்போது அவள் பேருக்கு வந்த விளைநிலத்தை வெளிநாடு போன பிறகும் வைத்துக்கொள்ளத் தடை இல்லை. ஆனால் ஒரு வருடத்துக்குள் பணமாக்க முடியும் என்று பட்டா, வில்லங்கச் சான்று, மதிப்பீட்டுச் சான்று எல்லாவற்றையும் மொழிபெயர்த்து வைத்து நம்ப வைக்க வேண்டும். வங்கி டெபாசிட் ரசீது ஒரு தாளில் சொல்வதை இவை ஒரு கட்டாகச் சேர்ந்தும் சொல்லாது. உங்களுக்கு மகனும் இருந்தால் வீட்டுக்குள் வேறு ஒரு பஞ்சாயத்தும் கிளம்பும்.

நகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 40 பவுனை அடகு வைத்து அந்தப் பணத்தை இருப்பாகக் காட்டலாம் என்று ஏஜென்ட் அடுத்துச் சொல்வார். கடனைக் கழித்த நிகர மதிப்புத்தான் சொத்து. அடகு வைத்தால் ஒரு பைசா கூடாது, வட்டிதான் கூடும்.

அவசரமும் இல்லை அண்ணாச்சி. நாலு மாதம் முன்பு போட்டது ஐ-130 மனு, இவர் என் மனைவி என்று காட்டுகிற முதல் படி. அது தேறிய பிறகுதான் ஐ-864 கேட்பார்கள். அப்போது அதற்கு 120 டாலர், விசா விண்ணப்பத்துக்கு 325 டாலர் கட்டணம். பேட்டி பெரும்பாலும் மும்பையில் இருக்கும். அதுவரை கிடைக்கிற மாதங்களில் மாப்பிள்ளை வருமானத்தைச் சீராக்கிக்கொள்ளட்டும். பழைய வரிக் கணக்கைக் காட்டினாலும், படிவம் கொடுக்கிற நேரத்தில் அவருடைய நடப்பு வருமானம் என்ன என்பதுதான் முக்கியம். வரம்பைத் தொட்டுக்கொண்டு நிற்காமல் இரண்டு மூவாயிரம் டாலராவது தாண்டி நிற்கட்டும். விளிம்பில் இருந்தால் கூட்டு ஸ்பான்சரைக் கொண்டு வா என்று அதிகாரி சொல்லக்கூடும். படிவம் நிரப்புவதை அங்கே உள்ள குடியேற்ற வழக்கறிஞர் ஒருவர் பார்ப்பது நல்லது. நான் கணக்குப் பார்க்கிறவன், வக்கீல் அல்ல.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது பெரும்பாலும் சரி. கனடாவில் மனைவியை மட்டும் அழைப்பவருக்குப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமானம் என்று ஒன்று கிடையாது, கியூபெக் மாகாணத்துக்குத் தனி விதி. மூன்று வருடம் காப்பாற்றும் பொறுப்பு மட்டும் உண்டு. பிரிட்டனில் நேர்மாறு: 18,600 பவுண்டாக இருந்ததை 2024 ஏப்ரலில் 29,000 ஆக்கிவிட்டார்கள். உங்கள் மாப்பிள்ளை இருப்பது நியூ ஜெர்சியில், அதனால் இரண்டையும் விட்டுவிடுவோம்.

ஒன்று கேட்க வேண்டும். இந்தப் பணத்தை மாப்பிள்ளை கேட்டாரா, இல்லை ஏஜென்ட் பேச்சைக் கேட்டு நீங்களாக இறங்கினீர்களா? உங்கள் கடிதத்தில் மாப்பிள்ளை கேட்டதாக ஒரு வரிகூட இல்லை. அவருக்கு விஷயமே தெரியாமல் இருக்கவும் வாய்ப்பு உண்டு. அவரே கேட்டிருந்தால் அதற்குப் பெயர் விசாச் செலவு இல்லை, வேறு. அதை மகளோடு உட்கார்ந்து தனியாகப் பேசுங்கள்.

அட்வான்ஸ் 50,000 வாய்ப்பேச்சோடு கை மாறியதுதான் என்றால் இந்த வாரமே இரண்டு பேரைச் சாட்சிக்கு வைத்துத் திருப்பிக் கொடுத்து, கொடுத்ததற்கு எழுதி வாங்கிவிடுங்கள். கிரைய ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால், அதை எடுத்துக்கொண்டு சேரன்மகாதேவியிலோ அம்பாசமுத்திரத்திலோ ஒரு வக்கீலை முதலில் பாருங்கள்.