குறிப்புகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடம்

அன்புள்ள ஐயா,

பல ஆண்டுகளாகக் கைப்பேசிச் செயலியில் குறிப்புகள் எழுதி, வரலாறு, இசை, வேளாண்மை என்று தனித்தனிக் கோப்புறைகளில் சேர்த்து வருகிறேன். தேடினால் எதுவும் கிடைத்துவிடுகிறது. ஆனால் ஒரு குறிப்பு இன்னொன்றை நினைவூட்டுவதே இல்லை. எதிர்பாராத தொடர்புகள் எப்படித்தான் புலப்படுகின்றன?

ர.

அன்புள்ள ர.,

தேடுபவருக்குத் தான் தேடுவது இன்னதென்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். நாம் இன்னும் அறியாத ஓர் உறவை எந்தச் சொல்லை இட்டுத் தேடுவது?

ஜெர்மானியச் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் (1927–1998) ஏறத்தாழ 90,000 குறிப்புச் சீட்டுகளை விட்டுச்சென்றார். 1950களில் தொடங்கிய முதல் தொகுப்பை நூற்றுக்கும் மேற்பட்ட தலைப்புகளாகப் பிரித்திருந்த அவர், 1960களில் புதிதாகத் தொடங்கிய இரண்டாம் தொகுப்பில் 11 பெரும்பிரிவுகளோடு நிறுத்திக்கொண்டார். 57/12 என்ற சீட்டின் சிந்தனை நேராகத் தொடர்ந்தால் அடுத்தது 57/13. அதிலுள்ள ஒரு சொல் வேறு திசைக்கு இழுத்தால், அதே எண்ணோடு ஓர் எழுத்தைச் சேர்த்து இரண்டுக்கும் இடையில் புதுச் சீட்டைச் செருகுவார். அதற்கும் கிளை முளைத்தால் எழுத்தின் பின்னால் மீண்டும் ஓர் எண் வரும். தொலைவிலுள்ள சீட்டோடு உறவு தெரிந்தால் அதன் எண்ணையும் குறித்துவைப்பார். இம்முறையில் என்னைக் கவர்வது, புதுச் சீட்டுக்கு இடம் தேடும் ஒவ்வொரு முறையும் பழைய சீட்டுகளைப் படித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம். கோப்புறை அந்த உழைப்பை நமக்கு மிச்சப்படுத்துகிறது. இழப்பும் அங்கேதான் நேர்கிறது.

டார்வின் 1837 ஜூலையில் உயிரினங்களின் மாற்றம் பற்றிய குறிப்பேட்டைத் தொடங்கினார். மக்கள்தொகை பற்றி மால்தூஸ் எழுதிய நூலை 1838 இலையுதிர் காலத்தில் படித்தபோது, உயிரினங்கள் எப்படி மாறுகின்றன என்று ஓராண்டுக்கு மேலாக எழுதி எழுதிக் கூர்மையாகியிருந்த கேள்விக்கு இயற்கைத் தேர்வு என்ற விடை தென்பட்டது. அந்நூலைப் பலர் படித்திருந்தனர். அக்கேள்வியை அவ்வளவு காலம் ஏட்டில் வளர்த்து வைத்திருந்தவர் அவர்.

ஆகவே அடுத்த குறிப்பை எழுதியதும், கோப்புறையைத் தேர்வதற்கு முன் வேறு துறைக் குறிப்புகள் இரண்டு மூன்றைப் படியுங்கள். உறவு தெரிந்தால் இணைப்பை மட்டும் இடாமல், ஏன் இணைக்கிறீர்கள் என்பதை ஒரு முழு வாக்கியமாக எழுதுங்கள். காரணம் எழுதப்படாத இணைப்பு ஓராண்டில் உங்களுக்கே விளங்காமல் போகும். இணைப்புகளை வலைப்படமாக வரைந்து காட்டும் செயலிகளை நான் பெரிதாக மதிக்காததும் இதனால்தான்.

உங்கள் கோப்புறைகளிலிருந்தே தொடங்கலாம். கிணற்றில் ஏற்றம் இறைத்தவர்கள், இறைத்த நீர்ச் சால்களின் எண்ணிக்கையைப் பாட்டிலேயே வைத்துப் பாடினார்கள். ஏற்றப்பாட்டை இசையிலும் கிணற்றுப் பாசனத்தை வேளாண்மையிலும் பிரித்து வைத்தால், பாட்டு நீரை அளக்கும் கருவியாகவும் இருந்ததை எந்தக் கோப்புறையில் எழுதுவீர்கள்?